கானோ நகரம் மறுத்த சொட்டு மருந்து

ஹஜ்ஜுப் பயணம் புறப்படுமுன் நம் ஹாஜிகள் தடுப்பூசி முகாமுக்குச் சென்று வருவதை வாசகர்கள் அறிவார்கள். கையில் ஓர் ஊசி. அது மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளைச்சவ்வுக் காய்ச்சலைத் தடுப்பதற்கானது. வாயில் இரண்டு சொட்டு. அது போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தைத் தடுப்பதற்கானது. அறுபதையும் எழுபதையும் கடந்த பெரியவர்கள், "பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற சொட்டு நமக்கு எதற்கு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பதை நாம் பார்த்ததுண்டு. வேடிக்கையாகக் கேட்கப்படும் அக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அந்த ஊசி தடுக்கும் நோயும் அந்தச் சொட்டு தடுக்கும் நோயும் ஒரே ஊரில், ஏழாண்டு இடைவெளியில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வரலாறு அது. அந்த ஊர் வட நைஜீரியாவின் கானோ.

கானோ பழம்பெரும் முஸ்லிம் நகரம். சஹாராவைக் கடந்து வந்த ஒட்டகக் கூட்டங்கள் சுமையிறக்கிய சந்தை அது. ஐரோப்பியர் 'மொராக்கோத் தோல்' என்று பெயரிட்டு விரும்பி வாங்கிய பதனிட்ட ஆட்டுத்தோலில் பெரும்பகுதி உண்மையில் கானோவையும் அதன் அண்டை ஊர்களையும் சேர்ந்தது. அங்குள்ள அவுரிச் சாயக் குழிகள் ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடையவை. அம்மக்கள் பேசும் ஹவுஸா மொழியை அரபு எழுத்தில் எழுதி அதற்கு 'அஜமி' என்று பெயரிட்டனர். அரபுத்தமிழில் மார்க்க நூல்களைக் கற்ற பரம்பரையில் வந்த நமக்கு இச்செய்தி தனியொரு நெருக்கத்தைத் தருகிறது. 1804இல் ஷைகு உதுமான் தான் ஃபோதியோ தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தின் வழியே எழுந்த சொகோட்டோ சுல்தானகத்தின் செல்வம் மிக்க நகரமாகக் கானோ விளங்கிற்று. 1903இல் ஆங்கிலேயப் படை அதன் மண்மதிலை உடைத்து உட்புகுந்தது. வெளியிலிருந்து வருகிறவன் கையில் என்ன கொண்டு வருகிறான் என்று உற்றுப் பார்க்கும் வழக்கம் அந்நகரத்துக்குப் புதியதன்று.

1996இல் அந்நகரில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அது தடுப்பு மருந்தைப் பற்றிய செய்தி அன்று. ஆயினும் அதை அறியாமல் பின்னர் நடந்த எதையும் விளங்கிக்கொள்ள இயலாது.

அவ்வாண்டின் வறட்சிக் காலத்தில் வட நைஜீரியாவை மூளைச்சவ்வுக் காய்ச்சல் சூறையாடிற்று. அரசுக் கணக்கின்படியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கானோவின் தொற்றுநோய் மருத்துவமனையில் கட்டில் இல்லை. வராந்தாவிலும் மரத்தடியிலும் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் கிடத்திக் காத்திருந்தனர். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் அங்கே நன்கு சோதித்தறியப்பட்ட மருந்தைக் கொண்டு சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தனர். அதே வளாகத்தில், அமெரிக்காவின் பைசர் மருந்து நிறுவனத்தார் வந்திறங்கினர். அவர்களிடம் 'ட்ரோவன்' என்னும் புதிய மருந்து இருந்தது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு அவர்களுக்கு நோயாளிகள் தேவைப்பட்டனர்.

இருநூறு குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நூறு பேருக்கு ட்ரோவன். நூறு பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான வேறொரு மருந்து. பதினொரு குழந்தைகள் இறந்தனர். அவர்களுள் ஐவர் புதிய மருந்தை உண்டவர்கள். அறுவர் மற்ற மருந்து பெற்றவர்கள். வேறு சிலர் செவிடாயினர், முடமாயினர் என்று பெற்றோர் முறையிட்டனர். நோயே இத்தகைய கேடுகளை விளைக்கும், மருந்து விளைக்கவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது, மூளைச்சவ்வுக் காய்ச்சல் அத்துணைக் கொடிது. ஆனால் பெற்றோரின் புண் வேறிடத்தில் இருந்தது. இது சோதனை என்று தங்களிடம் எவரும் சொல்லவில்லை என்றனர் அவர்கள். வாய்மொழியாகச் சொல்லி ஒப்புதல் பெற்றோம் என்றது நிறுவனம். மருத்துவமனையின் அறநெறிக் குழு அனுமதி அளித்ததாகக் காட்டப்பட்ட கடிதம், சோதனை முடிந்த பிறகு எழுதி முன்தேதியிடப்பட்டது என்பதும் பிற்பாடு வெளிப்பட்டது.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேடு இச்செய்தியை விரிவாக வெளியிட்டபோதுதான், தம் வீட்டில் நடந்தது என்ன என்பது பல குடும்பங்களுக்குத் தெரிந்தது. கானோவில் ஊர்வலங்கள் நடந்தன. 2001இல் குடும்பத்தார் நியூயார்க் நீதிமன்றம் வரை சென்றனர். நைஜீரிய மைய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழு, நடந்தது சட்டத்துக்குப் புறம்பான சோதனை என்று கண்டறிந்து அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2006இல் அதே அமெரிக்க நாளேட்டின் வாயிலாகக் கசிந்துதான் உலகம் அதை அறிந்தது. நாம் சொல்லப்போகும் 2003ஆம் ஆண்டில், அந்த உண்மை அரசாங்க அலமாரியொன்றில் பூட்டிக் கிடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனிப் போலியோவுக்கு வருவோம். 1988இல் உலக நாடுகள் கூடி இந்நோயை உலகினின்றே ஒழிப்பதென்று முடிவு செய்தன. அவ்வாண்டில் ஆண்டொன்றுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் இதனால் முடமாகிக்கொண்டிருந்தனர். பதினைந்தே ஆண்டுகளில் அத்தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. நைஜீரியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளே எஞ்சியிருந்த கோட்டைகளுள் முதன்மையானவை. நைஜீரியாவில் 2002இல் கண்டறியப்பட்ட நோயாளிகள் 202 பேர். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று ஜெனீவாவில் கணக்குப் போட்டனர்.

அந்தக் கணக்கில் நைஜீரியாவின் அரசியல் சேர்க்கப்படவில்லை. 2003 ஏப்ரலில் அங்கே தேர்தல் நடந்தது. தென்னாட்டுக் கிறிஸ்தவரான ஒபசாஞ்சோ மீண்டும் குடியரசுத் தலைவரானார். அவரை எதிர்த்து நின்ற வடநாட்டு முஸ்லிம் தலைவர் முஹம்மது புஹாரி, தேர்தலில் மோசடி நடந்ததென்று வழக்குத் தொடுத்தார். கானோவிலோ புஹாரியின் கட்சியைச் சேர்ந்த இப்ராஹீம் ஷெகராவ் ஆளுநரானார். (அந்நாட்டில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரைப் போன்ற அதிகாரமுடையவர்.) வட மாநிலங்கள் பன்னிரண்டு ஷரீஅத் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதைப் பற்றிய பூசல் வேறு ஓயாதிருந்தது. உலகத்தைப் பார்த்தாலோ, ஆப்கானிஸ்தானை அடுத்து ஈராக்கின்மீதும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. இத்தகைய நாட்களில், மைய அரசின் ஊழியர்கள் மேலைநாட்டுப் பணத்தில் வாங்கிய மருந்துப் பெட்டியுடன் கானோவின் சந்துகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டினர்.

2003 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எதிர்ப்பு வெடித்தது. நைஜீரிய ஷரீஅத் உச்ச மன்றத்தின் தலைவர் தாத்தி அஹ்மத், முஸ்லிம் பெண்கள் பிள்ளை பெறாதபடி செய்யும் பொருள்களும் எய்ட்ஸ் கிருமியும் சொட்டு மருந்தில் கலக்கப்பட்டிருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். இவர் படிப்பறியாத பாமரர் அல்லர். தாமே ஒரு மருத்துவர். கானோ, கடூனா, சம்ஃபாரா முதலிய மாநிலங்களில் சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. பிற மாநிலங்கள் விரைவில் இணங்கின. கானோ மட்டும் ஏறத்தாழப் பதினொரு மாதம் அசையவில்லை.

தடுப்பு மருந்து மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹுச் சிக்கலாக இதனைப் பலர் எழுதினர். அது பிழை. எதிர்த்தவர்கள் தடுப்பு மருந்து ஹராம் என்று வாதிடவில்லை. 'இந்த மருந்தை, இவர்கள் கையால் வாங்கமாட்டோம்' என்பதே அவர்கள் சொன்னது. கானோவின் தாய்மார்கள் கேட்டதாகப் பதிவாகியிருக்கும் ஒரு கேள்வியை எண்ணிப் பாருங்கள்: 'மலேரியாவால் பிள்ளை துடிக்கும்போது அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடையாது, காசு கொடுத்து வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். நாங்கள் கேட்காத இந்த மருந்தை மட்டும் காசு வாங்காமல் வீடு தேடி வந்து, மறுத்தாலும் திரும்பத் திரும்ப வந்து, ஏன் ஊட்டுகிறார்கள்?' இந்தக் கேள்வியில் அறியாமையைவிட அனுபவமே மிகுதி. மலேரியாவும் மணல்வாரியும் அங்கே போலியோவைவிடப் பன்மடங்கு பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தன. போலியோவை ஒழிப்பது உலகத்தின் அவசரம். பிள்ளையின் காய்ச்சல் தாயின் அவசரம். இவ்விரண்டையும் இணைத்துச் சொல்ல அப்போது எவரும் முன்வரவில்லை.

நோயின் இயல்பும் இதற்குத் துணைபோயிற்று. போலியோக் கிருமி தொற்றிய இருநூறு குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் கால் துவளும். மற்றவர்கள் சாதாரணக் காய்ச்சலோடு தப்பிவிடுவர். ஆனால் அவர்கள் மலத்தின் வழியே கிருமி பரவிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஒரு தெருவில் ஒரு பிள்ளை முடமாவதற்குள் ஊரெங்கும் நோய் நிறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பகையை எதிர்க்கச் சொன்னவர்கள், கண்ணுக்குத் தெரிந்த பகைவர்களின் நண்பர்களாகத் தோன்றினர்.

கருத்தடை என்னும் அச்சமும் வெறும் கற்பனையில் முளைத்ததன்று. 1988இல் நைஜீரியாவின் இராணுவ அரசு, ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளை போதும் என்று கொள்கை அறிவித்திருந்தது. இங்கே நம் நாட்டில் 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துச் சென்று கருத்தடை அறுவை செய்த கொடுமையை நம் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் நிழல் கால்நூற்றாண்டு கழித்தும் நீங்கவில்லை. 2002இல் உத்தரப் பிரதேசத்தில் போலியோ பரவியபோது, முஸ்லிம் மொஹல்லாக்களில் இதே கருத்தடை வதந்தி கதவுகளை அடைக்கச் செய்தது. அவ்வாண்டு இந்தியாவில் நோயுற்ற சுமார் ஆயிரத்து அறுநூறு குழந்தைகளில் பெரும்பாலோர் அம்மாநிலத்தவர்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி. தடுப்பு மருந்தை ஐயுறுவது முஸ்லிம்களின் பிறவிக் குணம் என்பதுபோல் அந்நாட்களில் மேலைநாட்டு ஏடுகள் சில எழுதின. அம்மை குத்தும் முறையை இங்கிலாந்து எங்கிருந்து கற்றது என்பதை அவை மறந்தன போலும். 1717இல் துருக்கிக்குத் தூதராகச் சென்ற ஆங்கிலேயரின் மனைவியான மேரி மாண்டேகு சீமாட்டி, எதிர்னே நகரில் கிழவிகள் ஊசிமுனையால் அம்மைப்பால் குத்திப் பிள்ளைகளைக் காப்பதைக் கண்டு வியந்து தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினார். தம் மகனுக்கும் குத்தச் செய்தார். லண்டனுக்குத் திரும்பி 1721இல் தம் மகளுக்குக் குத்தியபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. இது இறைவனின் விதியில் தலையிடுவதாகும் என்று பாதிரியார் ஒருவர் 1722இல் தேவாலயத்தில் பிரசங்கமே செய்தார். பின்னர் ஜென்னரின் முறை வந்து, 1853இல் அது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டபோது, ஏழைத் தொழிலாளர்கள் அபராதமும் சிறையும் ஏற்றனர். 1885இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் திரண்டு ஜென்னரின் உருவத்தைத் தூக்கிலிட்டது. 1898இல் அரசு பணிந்து, மனச்சாட்சிப்படி மறுப்போருக்கு விலக்களித்தது. ஆகவே இது எந்த மதத்துக்கும் உரிய சொத்தன்று.

கானோவுக்குத் திரும்புவோம். குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்ப்பதே நேர்மையான வழி. அதுவும் நடந்தது, ஆனால் நடந்த விதம் சச்சரவை வளர்த்தது. மைய அரசு சோதனை செய்து மருந்து தூயது என்றது. வடநாட்டாரோ, அரசின் சோதனையை அரசே நடத்தினால் யார் நம்புவது என்றனர். வடநாட்டு மருந்தியல் அறிஞர் ஒருவர் மாதிரிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சோதித்து, ஈஸ்ட்ரடையால் எனும் பெண் ஹார்மோனின் சுவடு தெரிகிறது என்று அறிவித்தார். அத்தகைய நுண்ணிய சுவடு, இருந்ததென்றே கொண்டாலும், எந்தப் பிள்ளையின் கருவளத்தையும் தொடமுடியாது என்று மற்ற அறிஞர்கள் விளக்கினர். ஆனால் 'சுவடு உண்டு' என்ற சொல் ஊரெங்கும் பரவிய வேகத்தில் 'தொடமுடியாது' என்ற விளக்கம் பரவவில்லை. 2004இன் தொடக்கத்தில் முஸ்லிம் பிரதிநிதிகளும் அடங்கிய குழுவொன்று தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளுக்குச் சென்று சோதனைகளைக் கண்டு, மருந்தில் தீங்கில்லை என்று சொன்னது. கானோ அதையும் ஏற்கவில்லை.

நாம் இங்கே நடுநிலை என்ற பெயரில் மழுப்ப விரும்பவில்லை. 1996இன் புண்ணை வைத்துக் கானோ மக்கள் ஐயுற்றது நியாயம். சோதனை கேட்டது அவர்கள் உரிமை. ஆனால் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகும் அவர்களின் தலைவர்கள் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறாமல் மாதங்களைக் கடத்தியது நியாயமன்று. அதே சொட்டு மருந்தை உண்டு வளர்ந்த எகிப்து, இந்தோனேசியா நாட்டுப் பிள்ளைகள் அப்போது தாமே தாய் தந்தையராகிவிட்டிருந்தனர். கருத்தடை மருந்தென்றால் அத்தலைமுறை எங்கிருந்து வந்தது? 2003 அக்டோபரில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் உச்சி மாநாடே போலியோ ஒழிப்புக்குத் துணைநிற்குமாறு தீர்மானம் இயற்றியிருந்தது. மைய அரசைப் பணியவைப்பதில் கிடைக்கும் அரசியல் இலாபம் சிலருக்கு இனித்தது என்றே கருத வேண்டியிருக்கிறது. அந்த இனிப்புக்கு விலை கொடுத்தவர்கள் வாக்குரிமை இல்லாத வயதினர்.

விலை எவ்வளவு என்பதைப் பார்ப்போம். நைஜீரியாவில் 2002இல் 202 ஆக இருந்த நோயாளிகளின் தொகை 2003இல் 355 ஆயிற்று, 2004இல் 782, 2006இல் ஆயிரத்தைத் தாண்டிற்று. கிருமி எல்லையைக் கடந்தது. நைஜர், சாது, சூடான் என்று பரவி, ஏற்கெனவே நோயைத் துடைத்தொழித்த சுமார் இருபது நாடுகளில் மீண்டும் குடிபுகுந்தது. சூடானிலிருந்து செங்கடலைத் தாண்டி 2004இன் இறுதிக்குள் சவூதி அரேபியாவில் தென்பட்டது. 2005இல் யெமன் நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் முடமாயினர். அவர்களும் முஸ்லிம் பிள்ளைகளே. சவூதி அரசு பயணிகளிடம் போலியோச் சொட்டு பற்றிக் கேட்கத் தொடங்கியது இதன் பின்னரே. நம் பெரியவர்கள் வாயைத் திறந்தபடி கேட்கும் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

இந்த வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் உறுத்தும் பகுதி இனிமேல் வருவது. 2004இன் நடுப்பகுதியில் கானோ அரசு ஒரு வழி கண்டது. மேலைநாட்டு மருந்து வேண்டாம், முஸ்லிம் நாடொன்றில் செய்த மருந்தாயின் ஏற்போம் என்றது. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் பாண்டுங் நகரிலுள்ள பயோஃபார்மா எனும் அரசு நிறுவனம் சொட்டு மருந்து செய்துவந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட மருந்துதான். மற்ற மருந்தோடு எவ்வித வேறுபாடும் இல்லாதது. ஆயினும் அனுப்பிய கை வேறு. கானோ அதனை வரவழைத்துச் சோதித்து ஏற்றது. 2004 ஜூலை இறுதியில் ஆளுநர் ஷெகராவ் தம் பெண்குழந்தைக்கே ஊரறிய மருந்தை ஊட்டச் செய்து தடையை நீக்கினார். இதற்குள் கிருமி தன் பயணத்தைத் தொடங்கிவிட்டிருந்தது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவில் 2005இல் முதல் குழந்தை முடமாயிற்று. கிருமியின் மரபணுவை ஆராய்ந்தபோது அது நைஜீரியாவிலிருந்து கிளைத்துவந்த மரபென்று தெரிந்தது. முதலில் தோன்றிய இடம் மேற்கு ஜாவாவின் சுகபூமி. பாண்டுங் இருக்கும் அதே மாகாணம். கானோவுக்கு மருந்து அனுப்பிய மண்ணுக்குக் கானோவின் நோய் போய்ச் சேர்ந்தது. அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததென்று எழுதிவிட்டால் வரலாறு கோணிப்போகும். சொட்டு மருந்து உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமியால் ஆனது. குழந்தையின் வயிற்றில் சில வாரம் தங்கி மலத்தோடு வெளியேறும். ஊரில் பெரும்பாலோர் மருந்து உண்டிருந்தால் அதனால் தீங்கில்லை, நன்மைகூட உண்டு. பாதிப் பேர் உண்டு பாதிப் பேர் உண்ணாதிருந்தால், அந்தக் கிருமி உண்ணாதவர்களிடையே ஒருவர் மாற்றி ஒருவரைத் தொற்றி, மாதக்கணக்கில் அலைந்து, இழந்த வலுவை மீண்டும் பெற்றுவிடக்கூடும். வட நைஜீரியாவில் இதுவே நேர்ந்தது. 2006இல் நிபுணர்கள் இதைக் கண்டுகொண்டனர். ஆனால் ஏறத்தாழ ஓராண்டு வெளியில் அறிவிக்கவில்லை. சொன்னால் பழைய வதந்தி மீண்டும் தலைதூக்கும் என்று அஞ்சினர். 2007இல் செய்தி வெளிப்பட்டபோது, 'எங்களிடம் மறைத்தார்கள்' என்னும் பழைய வழக்கில் இன்னொரு சாட்சி கிடைத்தது. மருந்தைப் போதிய பேர் உண்ணாததே இக்கேட்டுக்குக் காரணம் என்ற உண்மையைச் சொல்லும் தகுதியை, மறைத்ததாலேயே அவர்கள் பாதி இழந்தனர். ஒளிப்பதால் நம்பிக்கை வளரும் என்று கற்றவர்கள் எவ்வாறுதான் எண்ணினார்களோ, நமக்கு விளங்கவில்லை.

இதைவிடக் கொடிய காரியம் 2011இல் பாகிஸ்தானில் நடந்தது. அப்போட்டாபாத்தில் உஸாமா பின் லாதின் ஒளிந்திருக்கும் வீட்டை உறுதிசெய்ய, அமெரிக்க உளவுத்துறை ஒரு மருத்துவரைக் கொண்டு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்று நாடகம் நடத்தியது. செய்தி வெளியானதும், தடுப்பு மருந்துப் பெட்டியைத் தூக்கிவரும் ஒவ்வொரு பெண்ணும் உளவாளியோ என்று பார்க்கப்பட்டார். இனித் தடுப்பூசிப் பணிகளை உளவுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று அமெரிக்க வெள்ளை மாளிகை எழுத்து மூலம் அறிவித்தது 2014இல்தான். உலகில் போலியோக் கிருமி தன் பழைய வடிவில் இன்றும் நீங்காதிருக்கும் நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானுமே.

கானோவில் நம்பிக்கை திரும்பியது மெல்ல. சொல்லப்போனால் நத்தை வேகத்தில். ட்ரோவன் வழக்கில் 2009இல் பைசர் நிறுவனம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, கானோ மாநிலத்துக்கு ஏழரைக் கோடி டாலர் தர உடன்பட்டது. உடன்படிக்கை செய்துகொண்ட ஆளுநர், சொட்டு மருந்தை நிறுத்திய அதே ஷெகராவ். முதல் நான்கு குடும்பங்களின் கையில் பணம் சேர்ந்தது 2011இல்; பிள்ளைகளை இழந்து பதினைந்தாண்டுகள் ஆகியிருந்தன. அதே 2009இல் சொகோட்டோ சுல்தானின் தலைமையில் வடநாட்டு அமீர்களும் ஊர்த்தலைவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து பொறுப்பை ஏற்றனர். அதுவரை மைய அரசின் ஊழியராக வந்தவர்கள், அதன்பின் ஊர்த்தலைவரின் ஆளோடு வந்தனர். பள்ளிவாசல் இமாம்கள் ஜும்ஆவில் பேசினர். வெயிலில் தெருத்தெருவாக நடந்தவர்களில் மிகுதியானோர் அவ்வூர்ப் பெண்களே. பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் அவர்களால்தானே செல்ல முடியும்? நம் நாட்டிலும் இவ்வாறே நடந்தது. அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தாரும் உலமாக்களும் மொஹல்லாக்களுக்குள் இறங்கிய பின்னரே உத்தரப் பிரதேசத்தின் கதவுகள் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் அக்கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை.

கானோவில் அந்தப் பெண்கள் கொடுத்த விலையையும் எழுதியாக வேண்டும். 2013 பிப்ரவரி 8ஆம் நாள், துப்பாக்கியேந்தியவர்கள் இருசக்கர வண்டிகளில் வந்து, சொட்டு மருந்துப் பணியாளர்கள் கூடியிருந்த இடங்களில் சுட்டனர். ஒன்பது பெண்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் பெற்றுவந்த ஊதியம் நாளொன்றுக்குச் சில டாலர்களே. பணி சில நாளில் மீண்டும் தொடர்ந்தது.

2014 ஜூலை 24ஆம் நாள், கானோ மாநிலத்தின் சுமைலா வட்டாரத்தில் ஒரு குழந்தைக்குக் கால் துவண்டது. அம்மாநிலத்தில் அக்கிருமியால் முடமான கடைசிக் குழந்தை அதுவே. நாட்டின் வடகிழக்கிலுள்ள போர்னோவில், ஆயுதக் குழுவினரின் பிடியில் மருந்து எட்டாத ஊர்களில், 2016இல் மேலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அதன்பின் இல்லை. 2020 ஆகஸ்ட் 25 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க மண்டலம் போலியோவின் பழைய கிருமியினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வலு மீண்ட மருந்துக் கிருமியின் தொல்லை மட்டும் அதற்குப் பிறகும் வட நைஜீரியாவில் தொடர்ந்து தோன்றியது.

2004இல் கைக்குழந்தைகளாக இருந்து நோயுற்றவர்கள் இன்று இருபதைக் கடந்த இளைஞர்கள். கானோவின் தெருக்களில் கையால் மிதித்தோட்டும் மூன்று சக்கர வண்டிகளில் செல்வோரையும், சக்கரம் பொருத்திய பலகையில் அமர்ந்து கைகளால் பந்தாடுவோரையும் காணலாம். அவர்களைவிட மூத்த, அதே நோயால் முடமான ஆண்கள் சிலர், மருந்துப் பணி மீண்டும் தொடங்கிய ஆண்டுகளில் தாமாக முன்வந்து பணியாளர்களோடு சென்றனர். அதிகாரிகளுக்குத் திறவாத கதவுகளின் முன்னே வண்டியை நிறுத்தி, உள்ளே இருக்கும் தாயிடம் பேச்சுக் கொடுப்பர். மருந்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்றெல்லாம் அவர்கள் விளக்கியதில்லை. தங்கள் கால்களைக் காட்டினர்.